லேப்டாப் சுமக்காமலே மலையில் எடுத்த படங்களைக் காப்பாற்றலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை சீசனை ஒட்டித் தங்கள் நாளிதழில் வந்த பயணக் குறிப்புகளில், கொடைக்கானலுக்குக் கேமராவோடு வருகிறவர்கள் லேப்டாப்பும் கொண்டுவந்தால் படங்கள் பத்திரமாக இருக்கும் என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். லேப்டாப்பும் சார்ஜரும் சேர்ந்தால் இரண்டு கிலோ. வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறும் பேருந்தில் அதை மடியிலிருந்து இறக்க முடியாது. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போனால் விடுதி அறையில் விட்டுப் போகவும் மனம் வராது. அவ்வளவு சுமந்து வந்தபின், கார்டில் உள்ளதை லேப்டாப்பில் ஏற்றிவிட்டு அன்றிரவே கார்டை அழித்துவிடுகிறார்கள். முன்பு கார்டில் ஒரு பிரதி இருந்தது, இப்போது லேப்டாப்பில் ஒரு பிரதி இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். படத்தைக் காப்பது இரண்டாவது பிரதி. அதற்குக் கையிலுள்ள செல்போனே போதும்.

தேவையான சாமான்கள் சட்டைப் பையில் அடங்கும். டைப்-சி கார்டு ரீடர் ஒன்று. 500 ஜிபி அல்லது 1 டிபி அளவுள்ள சிறிய எஸ்எஸ்டி (சிப்பில் சேமிக்கும் வெளி டிஸ்க்) ஒன்று. 60 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் போனில் செருக ஒரு சிறிய ஹப். கார்டு செருகும் வாய் ஹப்பிலேயே இருந்தால் தனி ரீடரும் வேண்டாம். எஸ்எஸ்டிக்குப் பதிலாகப் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுவர நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் உள்ளே தட்டு சுழல்கிறது. சுழலத் தொடங்கும் நொடியில் அது கேட்கும் மின்சாரத்தைப் பல போன்களால் கொடுக்க முடியாது. டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தமிட்டு நின்றுவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தால் தட்டில் கீறல் விழும். எஸ்எஸ்டியில் அசையும் பாகம் எதுவும் கிடையாது. கொண்டை ஊசி வளைவுக் குலுக்கலெல்லாம் அதற்குப் பொருட்டல்ல.

மலை ஏறும் முன் வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. கணினியில் பயன்படுத்திய டிஸ்க்குகள் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டிருக்கும். அதைச் செருகினால் பல ஆண்ட்ராய்டு போன்கள், 'டிரைவ் பழுதாகியுள்ளது, ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கும். உண்மையில் பழுது எதுவும் இல்லை, போனுக்கு அந்த முறை புரியவில்லை. அங்கே 'சரி' என்று தொட்டால் உள்ளே இருந்த அனைத்தும் போய்விடும். ஆகவே ஊரிலேயே எஸ்எஸ்டியை எக்ஸ்-ஃபேட் முறைக்கு மாற்றிவிடுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களும் ஐபோனும் கணினியும் அதைப் படிக்கும். பழைய ஃபேட்-32 முறையில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நீளமான வீடியோ பாதியில் மறுக்கப்படும். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் கடையிலிருந்து வரும்போதே எக்ஸ்-ஃபேட்தான். சில பழைய போன்கள் அதைப் படிப்பதில்லை. வட்டக்கானலில் இரவு பத்து மணிக்கு அது தெரியவருவதைவிட, வீட்டில் பத்துப் படங்களை நகலெடுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்வது மேல்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்குத் தனிக் குறிப்பு. 2019-ல் வந்த ஐஓஎஸ் 13 முதல், 'ஃபைல்ஸ்' செயலி வெளி டிரைவைத் திறக்கிறது. 2023-ல் வந்த ஐபோன் 15 முதல் டைப்-சி துளை இருப்பதால் ஹப்பை நேராகச் செருகலாம். அதற்கு முந்தைய மாடல்களுக்கு லைட்னிங் அடாப்டர் வேண்டும். எஸ்எஸ்டி இயங்க அதற்கு வெளியிலிருந்து மின்சாரமும் கொடுக்க வேண்டும். கார்டைச் செருகியதும் 'போட்டோஸ்' செயலி 'இம்போர்ட்' என்று அழைக்கும். அதைத் தொட்டால் படங்கள் போனுக்குள் இறங்கி இடத்தை அடைக்கும். ஃபைல்ஸ் வழியாகப் போனால்தான் கார்டிலிருந்து எஸ்எஸ்டிக்கு நேராகப் போகும்.

இனி இரவு வேலை. மூடுபனியில் தூண் பாறையிலும் பைன் காட்டிலும் அலைந்துவிட்டு ஹீட்டர் போட்ட அறைக்குள் வந்ததும் கேமராவைத் திறந்து கார்டை உருவக் கூடாது. குளிர்ந்த உலோகத்தின் மேல் அறையின் ஈரக் காற்று பட்டதும் முத்து முத்தாக நீர் படியும். கார்டின் பொன்னிறத் தகடுகளிலும் அப்படித்தான். பையை மூடியபடியே அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வைத்திருந்து, அதன்பின் திறங்கள். வெந்நீர் ஆவி வரும் குளியலறைக் கதவருகே வைக்கவே வேண்டாம். கார்டுகளையும் ரீடரையும் போட்டுவைக்க, இறுக மூடும் சிறிய எவர்சில்வர் டப்பாவும் அதில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும்.

பிறகு ஓடிஜி, அதாவது போனின் துளையில் வெளிச் சாதனங்களைச் செருகிப் படிக்கும் வசதி. ஒப்போ, விவோ, ரியல்மீ, ஒன்பிளஸ் போன்கள் பலவற்றில் செட்டிங்ஸுக்குள் போய் 'ஓடிஜி' பொத்தானை நாமே இயக்க வேண்டும். பத்து நிமிடம் பயன்பாடில்லாமல் இருந்தால் அது தானாக அணைந்தும்விடும். 'கார்டு ரீடர் கெட்டுவிட்டது' என்று புதிது வாங்குபவர்களில் பலருடைய ரீடர் நன்றாகத்தான் இருக்கும். இந்தப் பொத்தான்தான் அணைந்திருக்கும்.

எஸ்எஸ்டியில் தேதியும் கார்டு எண்ணும் போட்டு ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள்: '0512-கார்டு1' என்பதுபோல. ஒவ்வொரு கார்டுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தனி ஃபோல்டர் வேண்டும். காரணம், கேமரா 9999 வரை எண்ணிவிட்டு மறுபடி 0001-லிருந்து தொடங்கும். கணவன் ஒரு கேமரா, மனைவி ஒரு கேமரா என்று இருவரும் ஒரே கம்பெனி கேமரா வைத்திருந்தால் இரண்டிலும் ஒரே பெயரில் படம் இருக்கும். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் 'ரீப்ளேஸ்' என்று போன் கேட்கும். களைப்பில் 'ஆம்' என்று தொட்டால் ஒருவர் எடுத்த படத்தின் மேல் மற்றவர் படம் ஏறி உட்காரும். அதை மீட்க வழியில்லை.

கார்டைத் திறந்ததும் டிசிஐஎம் என்ற ஃபோல்டர் மட்டும் கண்ணில் படும். அதை மட்டும் எடுத்துக்கொண்டு போவது பரவலான தவறு. சோனி கேமராக்கள் எக்ஸ்ஏவிசி என்ற முறையில் பதியும் வீடியோக்கள் அதற்குள் இருப்பதில்லை. பக்கத்தில் உள்ள 'பிரைவேட்' ஃபோல்டரின் உள்ளே இன்னும் இரண்டு அடுக்கு தள்ளி இருக்கும். எனவே கார்டில் உள்ள அனைத்தையும் தேர்ந்தெடுத்து நகலெடுங்கள். 'காப்பி' மட்டும்தான், 'கட்' அல்லது 'மூவ்' ஒருபோதும் வேண்டாம். மூவ் கொடுத்து நடுவில் இணைப்பு அறுந்தால் கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே, கொஞ்சம் எங்கேயும் இல்லை என்று ஆகும்.

நகல் ஓடும்போது திரையை அணையவிடாதீர்கள். பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று போன், பின்னணியில் ஓடும் ஃபைல் மேனேஜரை நிறுத்திவிடும். காலையில் பார்த்தால் பாதி வந்திருக்கும். எந்த எச்சரிக்கையும் இருக்காது. அந்தச் செயலிக்கு மட்டும் 'பேட்டரி ஆப்டிமைசேஷன்' வேண்டாம் என்று செட்டிங்ஸில் விலக்கு கொடுக்கலாம். திரை அணையும் நேரத்தைப் பத்து நிமிடமாக நீட்டி வைப்பது அதைவிட எளிது.

சார்ஜர் விஷயத்தில்தான் மலையில் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஹப்பில் சார்ஜர் செருகும் துளை இருக்கிறதே என்று நகல் ஓடும்போது நடுவில் செருகினால், மின்சாரம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை ஹப்பும் போனும் புதிதாகப் பேசி முடிவு செய்யும். அந்தக் கணத்தில் கார்டும் எஸ்எஸ்டியும் ஒரு முறை அறுந்து திரும்ப இணையும். சார்ஜரைப் பிடுங்கினாலும் அதேதான். மழைக்கும் காற்றுக்கும் கரண்ட் போனால், நீங்கள் தொடாமலே அதுதான் நடக்கிறது. போனில் 60 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் வைத்துக்கொண்டு, சார்ஜர் இல்லாமலே வேலையை முடிப்பது நல்லது. மின்சாரம் கட்டாயம் வேண்டும் என்றால் பவர் பேங்க்கிலிருந்து கொடுங்கள். அதற்கு மின்தடை கிடையாது.

எவ்வளவு நேரமாகும்? 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாமல் அப்படியே பதியும் படம்) 25 முதல் 30 எம்பி வரை வரும், சுருக்கிப் பதியும் ஜேபெக் 8 முதல் 10 எம்பி. ஒரு நாளில் 300 ரா படங்கள் எடுத்தால் சுமார் 9 ஜிபி. 4கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட் என்று வைத்தால் (எட்டு மெகாபிட் சேர்ந்தது ஒரு எம்பி) நிமிடத்துக்கு 750 எம்பி. பத்து நிமிடத்துக்கு ஏழரை ஜிபி. விலை குறைந்த போன்களின் டைப்-சி துளை பெரும்பாலும் யுஎஸ்பி 2.0 வேகம்தான். ஐபோன் 15-ன் சாதாரண மாடலும் அப்படியே. நடைமுறையில் நொடிக்கு 30 முதல் 40 எம்பி. கார்டைப் படிப்பதும் எஸ்எஸ்டியில் எழுதுவதும் அதே துளை வழியாக நடப்பதால் நகல் வேகம் அதில் பாதிதான். அந்தக் கணக்கில் 9 ஜிபிக்குப் பத்து நிமிடத்துக்குள், 64 ஜிபி முழுக் கார்டுக்குச் சுமார் ஒரு மணி நேரம். இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிகிற வேலை.

முடிந்ததா என்று எப்படித் தெரியும்? சின்னப் படங்களாக வரிசையாகத் தெரிகிறதே என்று நம்பக் கூடாது. ரா ஃபைலின் முன்பகுதியிலேயே ஒரு சிறிய ஜேபெக் படம் பொதிந்திருக்கும். கேலரி காட்டுவது அதைத்தான். ஃபைலின் பின்பாதி வந்து சேராமல் போனாலும் அந்தச் சின்னப் படம் அழகாகத் தெரியும். பெரிதாக்கினால்தான் குட்டு வெளிப்படும்: மேலே குறிஞ்சி ஆண்டவர் கோயில் கோபுரமும் வானமும் இருக்கும், அதற்குக் கீழே பழனி சமவெளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரே சாம்பல் பட்டை.

எனவே எண்களைப் பாருங்கள். ஃபைல் மேனேஜரில் கார்டின் ஃபோல்டரை அழுத்திப் பிடித்து 'ப்ராப்பர்ட்டீஸ்' அல்லது 'டீடெயில்ஸ்' திறந்தால் எத்தனை ஃபைல், மொத்தம் எவ்வளவு என்று வரும். 412 ஃபைல், 11.62 ஜிபி என்று கார்டு சொன்னால் எஸ்எஸ்டியும் அதே 412, அதே 11.62 சொல்ல வேண்டும். பைட் கணக்கில் காட்டும் செயலியானால் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போக வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்து அளவு மட்டும் குறைந்தால் ஏதோ ஒரு ஃபைல் பாதியில் நின்றிருக்கிறது, பெரும்பாலும் கடைசியாக ஓடியது. பிறகு முதல் படம், நடுவில் ஒன்று, கடைசிப் படம், ஒரு வீடியோவின் இறுதி நொடிகள் என நான்கை எஸ்எஸ்டியிலிருந்தே திறந்து முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். அதன்பின் 'இஜெக்ட்' கொடுத்துத்தான் கழற்ற வேண்டும். எக்ஸ்-ஃபேட் முறையில், எழுதி முடிக்காத கணக்கைத் திருத்திக்கொள்ள உதவும் நாட்குறிப்பு (டிஸ்க்கில் நடக்கும் மாற்றங்களின் பதிவு) எதுவும் இல்லை. சட்டென்று பிடுங்கினால் அன்றைய ஃபோல்டர் மட்டுமன்றி முந்தைய நாட்களின் ஃபோல்டரும் சேர்ந்து குழம்பலாம்.

போன் ஒருவேளை கார்டைப் பார்த்தும் 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்டால் எதையும் தொடாமல் கழற்றிவிட்டு, கேமராவில் போட்டுப் பாருங்கள். கேமராவில் படம் தெரிந்தால் கோளாறு ரீடரிலோ போனிலோதான். கேமராவிலும் தெரியவில்லை என்றால் அந்தக் கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்காமல் ஒதுக்கிவையுங்கள். மேலே எதுவும் எழுதப்படாதவரை, ஊர் திரும்பியபின் மீட்பு மென்பொருளால் பெரும்பாலானவற்றை எடுக்க வாய்ப்பு உண்டு.

'கூகுள் போட்டோஸ் பார்த்துக்கொள்ளும்' என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. தினம் 2 ஜிபி தரும் டேட்டா திட்டத்தில் 9 ஜிபி ஏறாது. விடுதி வைஃபையில் மேலேற்றும் வேகம் 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) என்றால் 9 ஜிபிக்குப் பத்து மணி நேரம். சீசனில் ஒரு விடுதியில் இருபது அறைக்காரர்கள் ஒரே இணைப்பைப் பகிரும்போது அந்த 2-உம் கிடைப்பது சந்தேகம். பேரிஜம் காட்டுக்குள் சிக்னலைத் தேடுவது வீண் வேலை. இலவச அளவற்ற சேமிப்பு 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இப்போது 15 ஜிபிதான்; அதையும் ஜிமெயிலோடு பகிர வேண்டும். அது நிரம்பினால் மின்னஞ்சல் வருவதும் நின்றுபோகும். இன்னொன்று: போனிலுள்ள கூகுள் போட்டோஸில் ஒரு படத்தை அழித்தால் மேலே ஏறியதும் சேர்ந்து அழியும். குப்பைத் தொட்டியில் 60 நாள் கிடக்கும், அதற்குப் பிறகு இல்லை. அன்றன்று மிகவும் பிடித்த இருபது ஜேபெக் படங்களை மட்டும் ஏற்றுங்கள். 160 எம்பி, அதே 2 எம்பிபிஎஸ்ஸில் பதினோரு நிமிடம். 'ஒரிஜினல் குவாலிட்டி' என்று அமைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பைகள் எல்லாம் தொலைந்தாலும் அந்த இருபது மிஞ்சும். வாட்ஸ்அப்பில் வீட்டுக்கு அனுப்புவது பேக்கப் ஆகாது. படம் சுருங்கும், எடுத்த தேதியும் நேரமும் உதிர்ந்துவிடும். 'டாக்குமென்ட்' என்று இணைத்தால் மட்டும் அப்படியே போகும்.

கேமராவின் வைஃபை செயலிகளிலும் ஒரு பொறி இருக்கிறது. நிக்கானின் ஸ்னாப்பிரிட்ஜ் செயலி தானாகப் போனுக்கு அனுப்பும் படங்கள் வழக்கமாக 2 மெகாபிக்சல்தான். போனில் எல்லாப் படமும் வந்துவிட்டது என்று நினைத்துக் கார்டை அழித்தால், 24 மெகாபிக்சல் படத்துக்குப் பதிலாகத் தபால்தலை கையில் இருக்கும். வைஃபை வழியாகப் பத்திருபது படங்களை எடுத்துப் பகிரலாம், முழுக் கார்டையும் காக்க அது உதவாது. கேமராவோடு இணைத்தபின் 'இதில் இன்டர்நெட் இல்லை' என்று போன் தானே வெளியேறப் பார்க்கும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டால் அடங்கும்.

கார்டைச் செருகியதும் தானே நகலெடுக்கும் பெட்டிகள் உண்டு. 2004-ல் எப்சன் பி-2000 என்று 40 ஜிபி டிஸ்க்கும் 3.8 அங்குலத் திரையுமாக வந்தது. பின்னர் வெஸ்டர்ன் டிஜிட்டலின் வைஃபை டிஸ்க் போன்றவை வந்தன. நல்ல யோசனைதான். ஆனால் செல்போனே அந்த வேலையைச் செய்யத் தொடங்கியபின் அவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. பழையது மலிவாகக் கிடைத்தாலும் உள்ளிருக்கும் பேட்டரியையும் கைவிடப்பட்ட செயலியையும் நம்பி மலை ஏறாதீர்கள்.

படங்களைப் பார்ப்பதற்கு வருவோம். ரா மட்டும் எடுப்பவர்கள் பயண நாட்களிலாவது 'ரா + ஜேபெக்' என்று மாற்றி, ஜேபெக்கைச் சிறிய அளவில் வைத்தால் எந்தப் போனிலும் சட்டென்று திறக்கும். பெரிய திரை வேண்டுமா? கேமராவின் ஹெச்டிஎம்ஐ துளையை விடுதி டிவியோடு இணைப்பதுதான் மிக நேரான வழி. துளை மினியா மைக்ரோவா என்று பார்த்து கேபிள் வாங்குங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தா. டைப்-சியிலிருந்து ஹெச்டிஎம்ஐ அடாப்டர் எல்லாப் போனிலும் வேலை செய்யாது. வெளியே படம் அனுப்பும் வசதி போனிலேயே இருக்க வேண்டும், விலை குறைந்த போன்களில் அது இருப்பதில்லை. டிவியின் யுஎஸ்பி துளையில் பென் டிரைவ் போடுவதானால் ஃபேட்-32, ஜேபெக் என்ற இரண்டும் பாதுகாப்பான தேர்வு. ரா ஃபைலையும் ஐபோனின் ஹெய்க் படத்தையும் பல டிவிகள் காட்டாது. டிவியில் உங்கள் ஒரே எஸ்எஸ்டியைச் செருகாதீர்கள். இருபது படத்தைப் பென் டிரைவில் தனியாகப் போட்டு அதைக் கொடுங்கள். மங்கலாக இருக்கிறது, அழித்துவிடலாம் என்று கேமராவின் மூன்றங்குலத் திரையைப் பார்த்து முடிவெடுப்பதும் வேண்டாம். மூடுபனிப் படம் அந்தத் திரையில் எப்போதுமே மங்கல்தான்.

கார்டுகள் 64 ஜிபியில் மூன்று இருந்தால் போதும். ஒரே 256 ஜிபி கார்டில் முழுப் பயணத்தையும் வைப்பதைவிட அது மேல். நிரம்பிய கார்டின் பக்கவாட்டுப் பூட்டைத் தள்ளி, பெட்டியில் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். காலை இருட்டில் கோக்கர்ஸ் வாக்கில் நிற்கும்போது எது காலி என்று கையே சொல்லும். கேமராவில் இரண்டு கார்டு போடும் வசதி இருந்தால், 'நிரம்பியபின் அடுத்தது' என்பதை மாற்றி 'இரண்டிலும் ஒன்றாக எழுது' என்று வையுங்கள். ஷட்டரை அழுத்திய நொடியிலேயே இரண்டு பிரதி கிடைக்கும், எஸ்எஸ்டியில் மூன்றாவது. எஸ்எஸ்டி ஒருவர் பையில், கார்டுகள் இன்னொருவர் பையில். ஒரே பையில் இரண்டையும் வைத்துவிட்டு அந்தப் பையைப் பேருந்தில் விட்டால், இரவெல்லாம் செய்த வேலைக்குப் பயனில்லை.

இவ்வளவு பாடா என்று கேட்பவர்கள் இதே ஊரில் 1899-ல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகத்தை நினைத்துப் பார்க்கலாம். நூறாண்டுக்கு மேலாகச் சூரியனைக் கண்ணாடித் தட்டிலும் ஃபிலிமிலும் எடுத்துச் சேர்த்து, பிறகு அவற்றை டிஜிட்டல் பிரதிகளாகவும் ஆக்கினார்கள். நம் வேலை ஒரு இரவுக்கு இருபது நிமிடம். பழனி மலையில் குறிஞ்சி கடைசியாகப் பரவலாகப் பூத்தது 2018-ல். பன்னிரண்டு ஆண்டுக் கணக்கில் அடுத்தது 2030. அந்தச் சரிவை எடுத்த கார்டு போனால் மறுபடி எடுக்க அடுத்த வாரம் வர முடியாது.

விடுதி நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள்: அறையின் ஒரே பிளக் பாயிண்டைக் கட்டிலுக்குப் பின்னால் வைக்காமல் மேசையருகே ஒன்று கொடுங்கள். டிவியைச் சுவரோடு ஒட்டி மாட்டும்போது ஹெச்டிஎம்ஐ துளைக்குக் கை போகும் இடைவெளி விடுங்கள்.

மலை இறங்கியபின்னும் கார்டுகளை அழிக்க அவசரம் வேண்டாம். வீட்டில் கணினியிலோ இரண்டாவது டிஸ்க்கிலோ இன்னொரு பிரதி ஏற்றி, எண்ணிக்கையும் அளவும் ஒத்துப் பார்த்தபின் கார்டைக் கேமராவில் போட்டு, கேமராவின் மெனுவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள், போனில் அல்ல.

இப்படிக்கு,
ஒளிப்படத் தொழில் செய்வோர் சிலர்,
கொடைக்கானல்.